கோப்பில் மிஞ்சிய பெயர்

கல்லறைத் திருநாள். பாபநாசத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் தூறல் விட்டு, ஈரச் செவ்வந்தியின் வாடை கிளம்புகிறது. பூசை முடிந்ததும் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க அருள்செல்வி டீச்சர் மைக் முன்னால் லேப்டாப்பைத் திறக்கிறார். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த ரெமிஜியஸ் வீடு வீடாகக் கேட்டு, தானே எழுதிய பைத்தான் நிரலால் கோப்பில் ஏற்றிய பெயர்கள் அவை. திரையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: அடைக்கலசாமி. அவனுடைய அப்பா. ஊரார் பெயர்களுக்குப் பிறகே இருக்கட்டும் என்று அவரைக் கடைசியில் சேர்த்திருந்தான். அவனுக்கு உடனே விளங்கிவிடுகிறது. கோப்பைத் திறக்கும் இடத்தில், சேர்த்து எழுதச் சொல்லும் 'a'வுக்குப் பதில், துடைத்துவிட்டு எழுதச் சொல்லும் 'w'வைப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு பெயரும் முந்தையதை அழித்துவிட்டே உட்கார்ந்திருக்கிறது. பெரிய இஞ்சினியர், ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. "இவ்வளவுதானா தம்பி?" என்கிறார் டீச்சர், மைக் அதையும் ஊருக்குச் சொல்கிறது. காது மடல் சுட, அவன் ஈர மண்ணைப் பார்க்கிறான். வேறு வழியில்லாமல் டீச்சர் அந்தப் பெயரை வாசிக்க, அவன் அப்பாவுக்காக ஊரே மன்றாடுகிறது. இறந்துபோன தன் மகன் பெயரை அவனிடம் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருந்த சவரியம்மாள், மெழுகுவர்த்திச் சுடரைக் கையால் மறைத்தபடி அருகே வருகிறாள். "அப்பாவுக்கு நல்லா வேண்டிக்கிட்டேன் தம்பி. அடுத்தது எம் புள்ள பேருதானே?"