சோலையப்பன் போட்ட கொசுறு

ஒவ்வொரு வீட்டுத் தேவையையும் அடுப்படியிலேயே அளந்து, அந்தத் திட்டப்படி மட்டுமே விற்கும் உழவர் சந்தை அது. யாருக்கு எந்தக் காய், எவ்வளவு என்பதைக் கடைக்குக் கடை வைத்திருக்கும் பேசும் தராசுதான் சொல்லும். அதற்கு மேல் விற்றால் கடை பறிபோகும். காய்க்கடைக்காரர் சோலையப்பனுக்கு அந்தத் தராசின் முகத்தில் முழிக்கவே பிடிக்காது.

பாத்திமுத்து வந்து நின்றதும், “வீட்டில் ஒரு ஆள். ஒரு கத்தரிக்காய்” என்றது தராசு.

“அண்ணே, மகளும் மருமகனும் சொல்லாமக் கொள்ளாம வந்து எறங்கிட்டாக. ஒத்தக் காயை வச்சு நான் என்னத்த ஆக்க?”

“ஏ தராசு, மனுசன் வீட்டுக்கு மனுசன் வரமாட்டானா?” என்று அதட்டினார் சோலையப்பன்.

“ஒரு ஆள்” என்றது அது மறுபடியும்.

அவர் அந்த ஒற்றைக் காயை அவள் பையில் போட்டார். பிறகு குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு, பை நிறையும்வரை அள்ளிப் போட்டார். தராசு கூப்பாடு போட, சந்தை மேலாளர் ஓடிவந்தார்.

“பெரியவரே, கூடுதலா வித்தா கடையை எடுத்துருவோம், தெரியும்ல?”

“எவன் வித்தான்? கொசுறு போட்டேன்.”

“கொசுறுன்னா ரெண்டு கொத்து கருவேப்பிலை. இது ரெண்டு கிலோ இருக்கும்யா!”

“என் கை பெருசு. கடையை எடுக்கணும்னா நாளைக்கு எடுத்துக்க. இன்னைக்கு மறைக்காம நில்லு.”

மேலாளரை ஒதுக்கிவிட்டு, வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார் சோலையப்பன்.

“வேற யாரு வீட்டுக்கெல்லாம் விருந்தாளி வந்துருக்கு?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.