இரட்டைப் பின்னல்

மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவளுக்கு வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது என்பதுதான் டாக்டரின் கண்டிப்பு. அதனால் தினமும் அம்மாதான் தலை வாரிவிட்டாள்.

"ஆடாம உக்காருடி."

"அக்காவுக்குப் போடுவியே, அதே மாதிரி ரெட்டைப் பின்னல் போடும்மா."

சீப்பு பாதியில் நின்றது.

"அப்பல்லாம் நீயும் சீப்பைத் தூக்கிட்டு அவ பின்னாடியே வந்து நிப்ப. ஆம்பளப் பையனுக்கு எதுக்குடா பின்னல்னு விரட்டி விட்டேனே" என்றாள் அம்மா.

அவள் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

இரண்டாவது ரிப்பனையும் கட்டி முடித்துவிட்டு அம்மா கேட்டாள்: "நாளைக்கும் கையத் தூக்கக் கூடாதுல்ல?"

"கூடவே கூடாதும்மா."

இனி தாராளமாகத் தூக்கலாம் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார், இருவரையும் எதிரில் உட்காரவைத்து.