குலுங்காத வண்டி

எழுந்தான், பல் தேய்த்தான், நேற்றைய சட்டையையே மாட்டிக்கொண்டான். மனைவியோடு ஊர் சுற்ற வாங்கி, பட்டறையில் விட்டிருந்த படுக்கை வசதியுள்ள கேரவனைக் காரில் கோத்து இழுத்துவரப் போனான்.

"புது ஸ்பிரிங் போட்டாச்சு தம்பி. இனி எண்பதுல பறந்தாலும் உள்ளே படுத்திருக்கவங்களுக்குத் தாலாட்டுதான். தங்கச்சிக்கு இனிமே முதுகே வலிக்காது!" என்றார் மெக்கானிக்.

"அவ போயிட்டா அண்ணே. மூணு வாரமாச்சு. ஸ்பிரிங் வந்துடுச்சுன்னு கூப்பிட்டீங்க, கொண்டாந்து விட்டேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஐயோ, எப்படிப்பா?"

"திடீர்னு மூச்சுத்திணறல். கேரவன்லயே படுக்கவெச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். குலுங்கினா முதுகு தாங்காதேன்னு இருபதுலயே ஓட்டினேன். வாசல்ல போய்க் கதவைத் திறந்தா..."

"கடைசியா ஏதாச்சும் சொல்லிச்சா?"

"இல்லண்ணே," என்றான்.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவனிடம், பின்னால் கேரவனிலிருந்து போனில் அவள் கடைசியாகச் சொன்னது:

"குலுங்கினாக் குலுங்கட்டும், வேகமாப் போங்க."