ஆறுதலாச் செய்வம்

உலகத் தமிழர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி: 2007ஆம் ஆண்டு, பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தலைவரிடம் கேள்வி கேட்கப்பட்டது.

கேட்டவர் ரங்கராஜன். கணினி வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எல்லிங்ஸ்ருட் தமிழர் ஒன்றியத்தில் யாழ்ப்பாணத்தவர் அல்லாத ஒரே உறுப்பினர்.

கேட்கப்பட்டவர் குலேந்திரன், ஒன்றியத்தின் தலைவர். தலைவருக்கு நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் 'லேடர்' என்று போட்டாலே போதும். ஆனால் இந்த நாட்டில் நாலு பேர் சேர்ந்து பனிச்சறுக்கப் போனாலும் அதில் ஒருவர் லேடர்தான். ஆகவே குலேந்திரன் தன் விசிட்டிங் கார்டில் 'பிரசிடென்ட்' என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தார்.

பதவியேற்றபின் அவர் ஏற்றாத குத்துவிளக்கு இல்லை. பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் யாரோ வீடு வாங்கிப் பால் காய்ச்சிய இடத்திலும் தலைமையுரை ஆற்றிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அன்று ஆண்டுப் பொதுக்கூட்டம். பிரசிடென்ட் மறுபடியும் நிற்கிறார். இம்முறை எதிர்க்க ஆளில்லை. எல்லோரும் கையை உயர்த்தவேண்டியது, ரோல்ஸ் சாப்பிடவேண்டியது, வீட்டுக்குப் போகவேண்டியது.

கை உயர்த்தச் சற்று முன்புதான் ரங்கராஜன் எழுந்துபோய் மைக்கை எடுத்தார்.

அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இந்தியாத் தம்பிக்கு என்ன வேணுமாம்?" என்று பின்வரிசை கேட்டது.

இந்தியாத் தம்பிக்கு வேண்டியது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. அதற்குக் குடியிருப்பின் பொதுமண்டபத்தைப் பிடித்துக் கொடுப்பது தலைவரின் பொறுப்பு. கோடை விடுமுறைக்கு முன் ஒரு போன் எடுத்தால் முடிந்தது. பிரசிடென்ட் இலையுதிர்காலத்தில் எடுத்தார். அதற்குள் சனிக்கிழமைகளை ஒரு நாய்ப் பயிற்சிக் கழகம் எடுத்துக்கொண்டது. நாய்கள் கெட்டிக்காரத்தனமாகப் படிக்கின்றன என்று கேள்வி.

ரங்கராஜனின் மகள் சுபத்ரா ஏழு வயதில் தமிழைக் கைவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் "வா" என்றால் அவளும் "வா?" என்பாள். நோர்ஸ்க்கில் அதற்கு 'என்ன?' என்று பொருள்.

இன்னொரு வருடம் இப்படிப் போனால், பெற்ற பிள்ளையிடம் பேச அவர்தான் வகுப்புக்குப் போகவேண்டி வரும்.

"உந்த மைக்கை வாங்குங்கோடா!" பிரசிடென்டின் மச்சான் சண்முகலிங்கம் முன்வரிசையில் பாதி எழுந்தார்.

"விடுங்கோ அண்ணை, அந்தத் தம்பி கதைக்கட்டும்." இது புஷ்பமலர். வகுப்பில்லாத தமிழ் ரீச்சர்.

சண்முகலிங்கம் உட்காரவில்லை. முழுதாக எழும்பவும் இல்லை.

ரங்கராஜன் மேடையைப் பார்த்தார். பொன்னாடைக்குள் பிரசிடென்ட் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"சார், போன வருஷம் இதே எடத்துல ரெண்டு பேர் ஓட்டுக் கேட்டீங்க. ஆனந்தராஜா சார் 'எல்லாம் கெதியாச் செய்வம்'னார். கெதின்னு காதுல விழுந்ததுமே எனக்குப் பயம் வந்துடுச்சு. இந்தப் புள்ளைங்க கெதி என்ன ஆகுமோன்னு. நீங்க ஒருத்தர்தான் சார் 'எல்லாம் ஆறுதலாச் செய்வம்'னீங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு இதவிட என்ன வேணும்? அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என் ஓட்டு."

மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஒரு வருஷம் ஆச்சு. எங்க சார் ஆறுதல்?"

மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. முந்திக்கொண்டு ரோல்ஸைக் கடித்தவர்கள் மெல்லாமல் வைத்திருந்தார்கள். ஒன்றியத்தின் வரலாற்றில் ஒரு தலைவரை மேடையில் வைத்து இப்படி யாரும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்பதுதான் வழக்கம். சண்முகலிங்கம் இன்னும் அந்த அரைவாசி நிலையிலேயே இருந்தார்.

பிரசிடென்ட் எழுந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கோபமில்லை. வீண்பழி சுமத்தப்பட்ட ஒரு நல்ல மனிதனின் முகம் அது.

"தம்பி, நெஞ்சிலை கையை வைச்சுச் சொல்லும். இதைவிட ஆறுதலா ஆராலை செய்யேலும்?"

முதலில் பின்வரிசையில் யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். பிறகு மண்டபமே சரிந்தது. சண்முகலிங்கம் கதிரையில் விழுந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிரசிடென்டும், ஏனென்று விளங்காமலேயே, தலைவருக்குரிய பெருந்தன்மையோடு கையசைத்தார்.

ரங்கராஜன் மட்டும் மைக்கோடு நின்றார். ஒன்றும் புரியாமல் புஷ்பமலரைப் பார்த்தார்.

ரீச்சர் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கட ஆக்கள் ஆறுதலா எண்டால் மெதுவா எண்டுதான் தம்பி அர்த்தம். அவர் சொன்ன மாதிரித்தான் செய்திருக்கிறார்."

ரங்கராஜன் மைக்கை இறக்கினார். எதையோ யோசித்தார். முகம் மாறியது.

"அப்போ, மேடம்... கெதியான்னா?"

புஷ்பமலர் மண்டபத்தின் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"வேகமா."

ரங்கராஜன் கையிலிருந்த மைக் அதையும் மண்டபத்துக்குச் சொல்லிவிட்டது.

மூன்றாம் வரிசையில் ஆனந்தராஜா திரும்பி ரங்கராஜனைப் பார்த்தார்.

போன வருடம் ஆனந்தராஜா தோற்றது ஒரு வாக்கால்.