ஒன்றாம் நிலை

ஆறாம் எண் படுக்கையில் ஆள் இல்லை. வெளுத்த விரிப்பை இறுக்கி மடித்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும் அங்கிருந்துதான் அந்த அலறல் கேட்டது.

சர்ஜன் நடையை எட்டிப் போட்டார். பதினெட்டு நாளாக இதே கதைதான். குழாயைத் திறந்தால் அலறல், தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் அலறல். கத்தியைத் தொடுமுன் கண்மூடிச் சொல்லும் பிரார்த்தனையைக்கூட இப்போதெல்லாம் அவரால் முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை.

அறையில் தலைமை நர்ஸ் ஒரு தாளோடு காத்திருந்தார்.

"ஒரு மணிக்குக் கூட்டம், டாக்டர். ஆறாம் நம்பர் பெயின்டருக்கு மட்டும் இன்னும் நிலை போடல. ஒண்ணா, மூணா?"

ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கலுக்கு ஐந்து நிலைகள் உண்டு. நோயாளி எவ்வளவு துடித்தார் என்பது அதில் சேராது. சரிசெய்ய மருத்துவர் என்ன செய்தார் என்பதுதான் சேரும். சீழ் பிடித்த புண்ணைப் படுக்கையிலேயே திறந்துவிட்டால் ஒன்று. தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்துத் திறந்தால் மூன்று. உயிரே போனால் ஐந்து.

இந்த ஆண்டு சர்ஜன் பெயரில் ஒரு மூன்றுகூட இல்லை. இன்றும் அப்படியே இருந்தால் துறைத்தலைவர் நாற்காலி அவருக்குத்தான். அதற்காகவே பதினெட்டு நாளுக்கு முன், பெயின்டரின் வயிற்றில் ஆபரேஷன் தையலுக்குள் ஆழமாகச் சீழ் பிடித்த புண்ணை, மயக்கம் இல்லாமல், படுக்கையிலேயே வைத்துக் கிழித்தார். "ரெண்டே நிமிஷம்" என்றார். இருபது நிமிடம் ஆயிற்று.

"ஒண்ணுதான் சிஸ்டர். படுக்கையிலதானே திறந்தோம்?"

"ஆமா. நான்தான் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்கு எந்த நம்பர்னு மட்டும் சொல்லிடுங்க."

சர்ஜன் பேனாவை எடுத்தார். கை ஓடவில்லை.

கதவு தட்டும் சத்தம். எட்டிப் பார்த்த நர்ஸ் திரும்பி வந்தார். "நூறு ஆயுசு. பெயின்டரேதான். உங்களைப் பார்த்தே ஆகணுமாம்."

சர்ஜன் தாளைக் கவிழ்த்து வைத்தார். புகார்தான். அதுவும் இன்றைக்குப் பார்த்து!

பெயின்டர் மெலிந்திருந்தார். நகக்கண்ணில் நீலச் சாயம். பின்னால் ஏழெட்டு வயதில் அவருடைய மகள், நாலாக மடித்த கைக்குட்டையைக் கடித்தபடி நின்றாள். கூச்சம் போலும்.

"புண்ணு எப்படி...?"

"ஆறிடுச்சு டாக்டர். நேத்து ஏணியே ஏறிட்டேன். அன்னைக்கு நான் போட்ட கத்துல உங்க சுவத்துப் பெயின்ட் உதிர்ந்திருந்தா சொல்லுங்க, சும்மாவே அடிச்சுத் தரேன்."

சர்ஜனால் சிரிக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் வந்து..."

"நீங்கதான் என்னை மன்னிக்கணும்." பெயின்டர் கைகூப்பினார். "வலியில உங்களை என்னென்னவோ ஏசிட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் புத்தி வந்துச்சு. மயக்கம் குடுத்தா என் உயிருக்கு ஆபத்துன்னுதானே அப்படிப் பண்ணீங்க? இல்லேன்னா ஒரு மனுஷனை அப்படித் துடிக்க விடுவீங்களா? தெனமும் உங்களுக்காகத்தான் வீட்டுல வேண்டிக்கிறோம்."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உண்மையைச் சொல்ல இதைவிட இரக்கமான ஒரு நேரத்தைக் கடவுள் யாருக்கும் தருவதில்லை. சர்ஜன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழி இல்லை என்றதும் பேனா லேசாகிவிட்டது. 'ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நர்ஸிடம் நீட்டினார். பதினெட்டு நாளில் முதல் முறையாகக் காதுக்குள் அமைதி.

"பாப்பா ஏன் பேசமாட்டேங்குறா?" என்றார் வாஞ்சையாக.

"இவளுக்காகத்தான் வந்தேன் டாக்டர். முதுகுல கட்டி. கீறித்தான் ஆகணும்னுட்டாங்க. கீறினா எங்க டாக்டர்தான் கீறணும்னு இவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சர்ஜன் சட்டையை விலக்கிப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது.

"இவ்வளவுதானே? மயக்கம் குடுத்து, பாப்பாவுக்குத் தெரியாமலே எடுத்துடலாம்."

பெயின்டர் பதறிப்போய் மகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவள் கைக்குட்டையை இன்னும் இறுக்கிக் கடித்தாள்.

"மயக்கம் மட்டும் வேண்டாம் டாக்டர், கத்தாம இருக்க ஒரு வாரமா வீட்டுலயே பழக்கிட்டேன்."