இருவருக்கு ஒரு விசிறி

பசுமைப் பல்கலைக்கழகத்தில் ஒற்றை ஆளுக்கு மின்விசிறி ஓடாது. கீழே இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் சுழலும். துணைவேந்தர் அதை ‘நீடித்த வளர்ச்சிப் பண்பாடு’ என்பார். அந்தப் பண்பாட்டின் புண்ணியத்தில்தான் தேர்வுப் பிரிவு சவரிமுத்து, ஐம்பது வயதுத் தனிக்கட்டை, ஆறு வருடமாக நூலகத்துப் பூங்கோதையோடு மதியம் சாப்பிட்டு வந்தார். அவரும் தனியாள்தான்.

“காத்துக்காக வர்றேன் சார், உங்க மூஞ்சிக்காக இல்ல” என்பார் பூங்கோதை.

நேற்று சூரியத் தகடுகளைத் திறந்துவைத்த துணைவேந்தர், ஒன்றேகால் மணி நேரம் முழங்கி, “இனி ஆளுக்கொரு விசிறி!” என்று முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சவரிமுத்துவும் தட்டித் தொலைத்தார்.

இன்று உணவறையில் பூங்கோதை ஜன்னலோர மேஜையில் தனியாக, ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சவரிமுத்து தன் விசிறியை அணைத்துவிட்டு, டிபன் பாக்ஸோடு அங்கே போனார்.

“என் ஃபேன் ஓடலைங்க மேடம்.”

“அடடா! எலக்ட்ரீஷியனுக்கு இப்பவே போன் போடறேன் சார்” என்றார் பூங்கோதை, நிஜமான அக்கறையோடு.

“வேணாங்க… அவ்வளவு புழுக்கமில்ல.”

திரும்பி வந்து, ஓடாத விசிறிக்குக் கீழே வியர்க்க வியர்க்கச் சோற்றைப் பிசைந்தார். எதிரே பூங்கோதையின் முந்தானை தனியாகப் பறந்துகொண்டிருந்தது.