பச்சை எரிந்தால் சொல்லலாம்

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த சுகன்யா, பல நாள் கழித்து மகள் மகிழினியைத் தானே குளிப்பாட்டும்போதுதான் அவள் முழங்காலைப் பார்த்தாள். காயம் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"எங்கடி விழுந்த?"

"ஸ்கூல் படியில. போன வாரம்."

"ஸ்கூல்லேருந்து ஒரு மெசேஜ்கூட வரலையே! நீயாவது சொல்லக் கூடாதா?"

ஒன்றாம் வகுப்பு மகிழினி, அம்மாவின் மணிக்கட்டில் பள்ளிக்கூடம் மாட்டிவிட்ட பட்டையைக் காட்டினாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா களைத்திருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை; எந்த நிறம் என்பது பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்துவிடும். அது எரியாத நாள் எது?

"சிவப்பு எரிஞ்சா டீச்சரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. உனக்கு டென்ஷன் ஆயிடுமாம். அதான் ரூல். பச்சை வரட்டும்னு தெனமும் பாத்தேன்மா."

சுகன்யா சோப்புக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வேற என்னடி சொல்லாம வெச்சிருக்க?"

மகிழினி பட்டையை இன்னொரு முறை பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.